துடைக்காமல் விட்ட ஈரம்

ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவளுக்குத் தன் பல்லே உடைந்துபோனால் சிரிப்பார்களா, மாட்டார்களா? சிரித்தார்கள். லேபில் கொஞ்ச நாளைக்கு வேறு பேச்சே கிடையாது.

மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். லேபில் அவளுக்கு அதுதான் பேர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பல் செய்வது அவள் வேலை. ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் "இது நிக்காது" என்று அச்சைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பேர் வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் காப்பாற்றி வந்தாள். அப்பேர்ப்பட்டவள் தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்துத் தன் கடைவாய்ப் பல்லை இரண்டாகப் பிளந்துகொண்டாள்.

பல் போனதுகூடப் பெரிதில்லை. பல் செய்கிறவளுக்கு இன்னொரு பல்லா கிடைக்காது? அவளுக்குப் போனது புருஷன். அதாவது, படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு.

அவர் டவுன் பஸ் டிரைவர். விடிவதற்கு முன் முதல் டிரிப் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தி இரவெல்லாம் ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் போட்டால் மனுஷன் எப்படித் தூங்குவார்? பொறுத்துப் பார்த்தார். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் ஸ்டியரிங்கில் கண் அசந்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் அடித்த ஹாரனில் விழித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள்தான் அவருடைய தலையணையை எடுத்து ஹால் சோபாவில் போட்டாள். ஒரு பஸ் ஜனம் அவர் கண்ணை நம்பி ஏறுகிறது, இதில் ரோஷம் பார்க்க முடியுமா? சண்டை போட்டுப் பிரிந்து படுத்திருந்தால் ஒரு காபியில் சமாதானம் ஆகியிருக்கும். இது சண்டையே இல்லை. அதனால் சமாதானம் ஆகவும் வழியில்லை. அவர் ஹாலில், இவள் அறையில், நடுவில் ஒரு கதவு. கல்யாணமாகி மகள் வேலைக்குப் போகிற வயது வரை வந்தாயிற்று, இப்போது போய்க் கட்டிலில் ஒரு பக்கம் காலி.

பல் டாக்டரம்மா அவளுக்குப் பழக்கம். அவருக்குப் பல் செய்து அனுப்புகிறவளே இவள்தானே. இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஒரு கவசம் போடச் சொன்னார். மைக்ரான் தானே உட்கார்ந்து, இழைத்து, மெருகேற்றி, கனகச்சிதமாக ஒன்று செய்து மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அதையும் கடித்துத் துளைத்துவிட்டாள். இன்னும் கெட்டியாக இன்னொன்று செய்தாள். அதற்கும் அதே கதி.

டாக்டரம்மா ஓட்டையான கவசத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு. கடிச்சதும் சுத்தமாத்தான் கடிச்சிருக்கீங்க," என்றார்.

"இன்னும் கனமா ஒண்ணு செஞ்சுடட்டுமா?"

"இரும்புல செஞ்சாலும் கடிப்பீங்க. பகல்ல இருக்கற இறுக்கம்தான் ராத்திரி பல்லுல வருது. எதையாவது தப்பா செய்யுங்க, மேடம். தப்பானாலும் பரவாயில்லைங்கற மாதிரி ஏதாவது ஒண்ணு. பாட்டு, படம், எதுவோ."

விஷயம் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் காதுக்குப் போனது. அடுத்த வாரமே ஒரு பார்சல் வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாட்டர் கலர் பெட்டி, தடித்த தாள் வைத்த ஸ்கெட்ச் புக் ஒன்று.

"தினமும் சாயங்காலம் ஒரு பக்கம்மா," என்றாள் போனில். "கண்ணுக்கு முன்னாடி என்ன இருக்கோ அதைப் போடு. டம்ளர், செருப்பு, எதுன்னாலும். யாரும் மார்க் போடப் போறதில்ல. சும்மா போடு."

சும்மா. அவளிடம் போய் இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். பெட்டியில் இருந்த நிறம் ஒவ்வொன்றையும் மூன்று அடர்த்தியில் பூசி நம்பர் போட்டாள். லேபில் பல்லின் நிறம் பார்க்க வைத்திருக்கும் அட்டை மாதிரியே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் வரைந்தாள். விளிம்பு சரியாக வரவில்லை என்று மூன்றாம் பக்கத்தில் அதே டம்ளர். நான்காம் பக்கத்திலும் அதே டம்ளர்தான். ஆறாம் பக்கத்தில் அந்த டம்ளரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரைவது அவளுக்குக் கைவராமல் இல்லை. நாள் முழுக்கப் பிரஷ் பிடிக்கிற கை, கோடு இம்மி பிசகாது. ஆனால் படங்கள் எல்லாம் ஏனோ உப்புச் சப்பில்லாமல் இருந்தன. நூறு தடவை துவைத்த சட்டை மாதிரி ஒரு வெளிறல். சிவப்புக் குடையை வரைந்தால் அது சிவப்பாக இருந்த காலத்தை நினைத்துக்கொண்டிருக்கிற குடையாக வந்தது.

மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "கலரே விடலையாம்மா?" என்றாள்.

"விட்டேனே. பிரஷ் நிறைய விட்டேன்."

"அப்ப எங்க போச்சு?"

அதுதான் தெரியவில்லை. தெரியாதது ஒன்று கையில் சிக்கினால் மைக்ரான் விடுவாளா? பிரஷ்ஷை மாற்றினாள். தண்ணீரை அளந்து பார்த்தாள். லேபில் பத்துப் பல் முடித்துவிட்டு வந்து, இங்கே பதினோராவது பல்லைப் போலக் குடையோடு மல்லுக்கட்டினாள். ஓய்வுக்கு என்று வந்த ஸ்கெட்ச் புக், சம்பளமில்லாத இன்னொரு ஷிப்டாக ஆகிவிட்டது.

ஒருநாள் காலை, சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே டிரைவர் மெதுவாக ஆரம்பித்தார். "நேத்து கதவு சாத்தியிருந்தும் கேட்டுச்சும்மா."

அவள் அவருடைய டிபன் டப்பாவை மூடினாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல. இந்த சோபாவுல முதுகு பிடிச்சுக்குது. பேசாம ஹால்ல ஒரு கட்டில் வாங்கிப் போட்டுடலாமா? திங்கக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

அவர் முதுகைத்தான் நினைத்துச் சொன்னார், பாவம். அவளுக்கு அது வேறு மாதிரி கேட்டது. சோபாவில் படுக்கிறவர் என்றைக்காவது எழுந்து உள்ளே வருவார். கட்டில் அப்படியா? கால் ஊன்றிவிட்டால் அது அங்கேயேதான் நிற்கும். அப்புறம் ஹால் அவர் அறை, இது இவள் அறை, சாப்பிடும்போது பார்த்துக்கொள்கிற இரண்டு பேர். "சரிங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டிரைவர் காலை டிரிப் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நீலச் சோபாவில் மஞ்சள் டீ-சர்ட்டோடு நீட்டிப் படுத்துவிட்டார். கட்டில் வந்தால் சோபாவை வேறெங்காவது தள்ள வேண்டும். போகிற சோபாவை ஒருமுறை வரைந்துவிட்டு இந்தப் படம் போடுகிற வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று மைக்ரான் நினைத்தாள். டீப்பாயை இழுத்துப் போட்டு, சோபாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளர், கலர் பெட்டி, ஸ்கெட்ச் புக், டிஷ்யூ.

சோபா பெரிது. அதற்குத் தகுந்தாற்போல நிறைய நீலம் கரைத்தாள். டீ-சர்ட்டுக்கு மஞ்சள் பூசி அது காய்வதற்குள், அதன் ஓரத்தில் பிரஷ் நிறைய நீலத்தை இழுத்தாள். தாளில் குளம் மாதிரி தண்ணீர் நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தூக்கத்தில் புரண்டார் டிரைவர். சோபா விளிம்பில் தொங்கிய அவர் கை எதையோ தேடித் துழாவி, அவளுடைய இடது கையைக் கண்டுபிடித்து, முஷ்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

அவள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிடி இறுகியது. இன்னும் இழுத்தால் விழித்துவிடுவார், விடியுமுன் எழுந்த மனுஷன். தாளில் தண்ணீர் அப்படியே நின்றது. நீலம் மெல்ல மஞ்சள் பக்கம் நகர்ந்தது. அவளுடைய இடது கை அவர் பிடிக்குள் துடித்தது. எதற்காகத் துடிக்கிறது என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. அப்புறம் தன் விரல்களுக்கு நடுவே கசங்கிக் கிடந்த டிஷ்யூ உறைத்தது.

அட, என்று வாயைப் பிளந்தாள்.

லேபில் பீங்கான் பொடியைப் பிரஷ்ஷால் ஏற்றியதும் பல்லை லேசாகத் தட்டுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே வியர்க்கும். அதை உடனே டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், பல்லைச் சுடுகிற உலைக்குள் போனதும் குமிழி விட்டு, விரிசல் கண்டு, அத்தனை பாடும் வீண். வலது கை ஏற்ற, இடது கை ஒற்ற, ஏற்ற, ஒற்ற என்று வருஷக் கணக்காகச் செய்த வேலை. வீட்டில் வரையும்போதும் இடது கை அவளைக் கேட்காமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும், அதோடு நிறத்தையும் சேர்த்து, தாளில் விழுந்த நொடியே ஒற்றித் தள்ளியிருந்தது. டம்ளர், குடை, செருப்பு எல்லாவற்றின் உயிரும் போன இடம் அடுப்படிக் குப்பைக்கூடை.

வலது கையால் ஒற்றியிருக்கலாம். அதற்குப் பிரஷ்ஷைக் கீழே வைத்து, எட்டி டிஷ்யூ பெட்டியை இழுக்க வேண்டும். அது டீப்பாயின் அந்தக் கோடியில் இருந்தது. அவளும் இடத்தைவிட்டு அசையவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் மஞ்சளுக்குள் இறங்கி, யாரும் கேட்காத ஒரு பச்சையாகி, டிரைவரின் இடுப்பைச் சோபாவோடு கரைத்தது. மேல் ஓரத்தில் ஒரு சொட்டு தனியாகப் பிரிந்து தலையணைப் பக்கம் போய், அங்கேயே யோசித்து நின்று, நிழல் மாதிரி படர்ந்தது. அவள் மனசு பழக்கதோஷத்தில் விரிசலுக்குக் காத்திருந்தது. எதுவும் விரியவில்லை. உடையவில்லை. தாள் தன் பாட்டுக்குக் காய்ந்தது.

அப்போதுதான் வாயைக் கவனித்தாள். ஓய்வாக இருக்கும் வாயில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது, நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஊரார் வாய்க்கெல்லாம் அந்த இடைவெளியை அளந்து வைத்தவள், தன் வாயில் அதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். நாக்கு சும்மா கிடந்தது. தாடை அதன் கனத்தில் தொங்கியது. அவளுக்கு சந்தோஷத்தில் அழுகை வரப் பார்த்தது, ஆனால் அதற்கு முன் கொட்டாவி வந்துவிட்டது.

கண் விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. அவள் தலை சோபாவின் ஓரத்தில், கழுத்து கோணிக்கொண்டு. டிரைவர் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை இன்னும் விடவில்லை.

"நான் தூங்கிட்டனா?"

"ஒரு சினிமா பாக்கற நேரம் தூங்கின. ஒரு சத்தம் இல்ல. எனக்கே பயமாப் போச்சு, மூக்குகிட்ட விரல் வச்சுப் பாத்தேன்."

"நல்லா பாத்தீங்க."

அவர் எட்டி ஸ்கெட்ச் புக்கை எடுத்தார். கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தார், பிறகு திருப்பிப் பார்த்தார். "இது நானா? சோபாவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு."

மைக்ரானும் பார்த்தாள். உண்மைதான். ஒரு கோடு நேராக இல்லை. அவருடைய தொப்பை எங்கே முடிகிறது, சோபா எங்கே ஆரம்பிக்கிறது என்று தெய்வத்துக்கே தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு மனுஷன் அசந்து தூங்கினான், அது நன்றாகத் தெரிந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சேர்ந்துகொண்டார்.

"நாளைக்குக் கட்டில் பாக்கப் போகணும்," என்றார் கடைசியில்.

"அடுத்த மாசம் பாக்கலாங்க. இப்ப என்ன அவசரம்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், முதுகைத் தடவிக்கொண்டார். "சரி, இன்னொரு மாசம் வலிச்சாத்தான் என்ன?" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் படம் போட உட்காரும்போது டிஷ்யூ பெட்டி அலமாரிக்குள் போனது. ஆனால் இடது கை லேசுப்பட்டதா? டிஷ்யூ இல்லாவிட்டால் துப்பட்டா நுனி, அது இல்லாவிட்டால் வெறும் கட்டைவிரல் என்று ஒற்ற வந்தது. கடைசியில் அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். லேபில் யாராவது அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் மைக்ரான் என்ற பேரை அன்றைக்கே பிடுங்கியிருப்பார்கள்.

டம்ளர் கவிழ்ந்த வாளி மாதிரி வந்தது. செருப்பு மீனாக வந்தது. ஒருநாள் நினைவில்லாமல் பிரஷ்ஷை டீயில் முக்கிவிட்டு, சரி போகட்டும் என்று டீயாலேயே எதிர்வீட்டு மாடியை வரைந்தாள். காயும் வரை வேறொன்றும் செய்ய முடியாது என்பதுதான் அவளுக்கு அதில் பிடித்துப்போனது. ஈரம் இருக்கும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நம்பர் போட்ட முதல் பக்கத்தை அவள் மறுபடி திறக்கவே இல்லை. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்னது?" என்று கேட்டால், "தெரியலடி, நல்லா இருக்குல்ல?" என்பாள்.

இரவுச் சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது என்று டிரைவர் சொன்னார். ஆனால் அவர் அவள் மனம் நோகாமல் பேசுகிறவர், அவர் வார்த்தையை நம்ப முடியாது. புதிதாகச் செய்த கவசத்தைத் தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கீறல் இருந்தது, ஓட்டை இல்லை. சந்தோஷப்படவும் பயம், படாமல் இருக்கவும் முடியவில்லை.

மாதம் முடிகிற சமயம், டிரைவருக்கு மறுநாள் வார ஓய்வு. சாப்பிட்டுவிட்டு வந்தவர் சோபாவிலிருந்து தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றார், புது மாப்பிள்ளை தோற்றான்.

"நாளைக்கு லீவுதானே. சோதிச்சுப் பாப்போம்."

"சத்தம் வந்தா?"

"வந்தா வரட்டும். நாளைக்கு எந்த பஸ்ஸும் என்னை நம்பி இல்ல."

"உங்களுக்குத் தூக்கம் கெட்டுடும்."

"அங்க மட்டும் என்ன வாழுதாம்?" அவர் தலையணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சத்தம் கேட்டா தூக்கம் வராது, நெஜந்தான். சத்தம் நின்னா அதைவிட மோசம். என்னாச்சோ ஏதாச்சோன்னு எழுந்து வந்து கதவைத் திறந்து பாத்துட்டுப் போவேன். மதியத் தூக்கத்துலதான் வண்டி ஓடுது."

இத்தனை நாள் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் ஆசை வந்தது. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் விழித்தபோது அறையெல்லாம் வெளிச்சம். டிரைவர் முழித்துக்கொண்டு படுத்திருந்தார். எப்போது விழித்தாரோ தெரியாது. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கவசத்தைக் கழற்றிப் பார்க்கவும் தைரியமில்லை. கடைசியில் கேட்டாள்.

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹாலில் கட்டில் வந்து நின்றுவிட்டது போலிருந்தது.

"முழுசா கேளு. கையைப் புடிச்சேன், நின்னுடுச்சு. விட்டா மறுபடி ஆரம்பிக்குது. மறுபடி புடிச்சேன். அப்புறம் எதுக்கு விடணும்னு புடிச்சபடியே தூங்கிட்டேன். இப்பத்தான் முழிச்சேன்."

"நெஜமா தூங்குனீங்களா?"

"மணியைப் பாரு."

மணியைப் பார்க்கத் திரும்பியபோதுதான் இடது கை வரவில்லை என்று தெரிந்தது. அது அவர் உள்ளங்கைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தது, விரல்கள் விரிந்து, எதையும் பிடிக்காமல்.

"விடுங்க, டீ போடணும்."

"போடலாம், இரு," என்றார் டிரைவர். அவளும் இருந்தாள்.